பல்செட்டை யாரிடம் கொடுப்பது?

என் வலது உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது. கைக்குட்டையால் துடைத்துச் சுத்தமாகத்தான் நீட்டியிருந்தேன். காசிநாதன் முதலில் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முதுநகர் மீன் ஏலத்தில் பழகிய ஆட்கள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“குடுங்க காசி. நான் பத்திரமா வெச்சிருக்கேன்” என்றேன்.

அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து, ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் முகமூடிகளை எண்ணிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் போனார். முதுகை எனக்குக் காட்டி நின்று, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றினார். ஸ்டெல்லா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

டக்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினோரு வருடமாக நான் நடத்திவந்த ஒரு பாடத்துக்கு யாரோ போட்ட மார்க் அது.

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் சீட் சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி, “உங்க ஆபீஸ்ல வேலைன்னு ஒண்ணு நடக்குமா, நடக்காதா?” என்று கேட்டாள். நடக்கும். இந்த வாரம் வேலை. செய்தவன் நானில்லை என்பது மட்டும்தான் குறை.

கை குலுக்கும் இரண்டு கைகள்

குடிகாட்டுப் பக்கம் வரிசையாக நிற்கும் ரசாயன ஆலைகளில் ஒன்றில் நான் பயிற்சி அதிகாரி. சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் திரும்புகிறவன். ஆலையில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டிரெயினிங் சார்’ என்றால் கேட் நாய்கூட வாலாட்டும்.

என் பிரதான வகுப்பின் தலைப்பு, ‘சக ஊழியர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?’ திரையில் முதல் படமாக இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும். இரண்டுமே ரொம்பச் சிவப்பான வெளிநாட்டுக் கைகள். எங்கள் ஆலையில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. இங்கே கைகளில் கிரீஸ் இருக்கும், கீறல் இருக்கும், சிலவற்றில் ஒரு விரல் குறைவாகவும் இருக்கும்.

பேசும்போது கண்ணைப் பாருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறந்தநாளை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். புன்னகை செய்யுங்கள். இதெல்லாம் நான் சொல்லித் தருவது. இவற்றை நானே கடைப்பிடித்தும் வந்தேன். ஒருமுறை எலக்ட்ரீஷியன் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். “அது ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரு போட்ட தேதி சார்” என்றார்.

வகுப்பு முடிந்ததும் டீயும் ஒரு சமோசாவும் உண்டு. சமோசா இருக்கும்வரை என்மீது எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது.

தொட்டிக்குள் போகிறவர்களின் வழக்கம்

வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி, எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்வார்கள். ஷட்டவுன் என்று பெயர். தீபாவளிக்கு வீட்டைத் தலைகீழாக்குவோமே, அதேதான். இங்கே ஒட்டடைக்குப் பதில் ஆசிட்.

அதில் பயமான வேலை தொட்டிக்குள் இறங்குவது. மேலே ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை இருக்கும். மேன்ஹோல். அதன் வழியாக ஏணி வைத்து உள்ளே இறங்கி, அடியில் படிந்த சேற்றை வாரி வாளியில் போட்டு அனுப்ப வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே முக்காலியில் மாட்டிய உருளையில்.

மேலே ஓட்டையருகில் ஒருவர் நிற்க வேண்டும். ஸ்டேண்ட்பை என்பார்கள். அவர் வேலை நிற்பது, உள்ளே இருப்பவர்களைக் கவனிப்பது. அவ்வளவுதான். சம்பளப் பட்டியலில் இதற்கென்று பதவி கிடையாது. ஷட்டவுன் சமயத்தில் ஆள் பற்றாது என்பதால் ஆபீஸ்காரர்களையும் பயிற்சி கொடுத்து நிறுத்துவார்கள்.

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று எங்கள் ஆட்களிடம் உண்டு. இறங்குவதற்கு முன் உடம்பில் இருக்கும் சாமான்களைக் கழற்றவேண்டும். மோதிரம், வாட்ச், தாயத்து, அரைஞாண், கண்ணாடி. அவற்றை வைக்க ஆளுக்கொரு லாக்கர் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. யாரும் வைப்பதில்லை. ஸ்டேண்ட்பையாக நிற்பவர் கையில்தான் கொடுப்பார்கள்.

“அது ஏன்?” என்று ஒருதடவை காசிநாதனிடம் கேட்டேன்.

“லாக்கரு நம்மளத் தேடாது சார்” என்றார். “நம்ம சாமானு கையில இருந்தா, திருப்பிக் குடுக்கறதுக்காவது ஆளு தேடும்ல?”

யாரிடம் கொடுக்கப் பிரியமில்லையோ, அவர் நிற்கும் தொட்டியில் இறங்கவும் மாட்டார்கள். நேரடியாகச் சொல்லமாட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொள்ளும், மச்சானுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிடும்.

காசிநாதனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். அண்ணாகிராமத்துக்காரர். தொட்டி வேலையில் இருபது வருடப் பழக்கம். முகமூடி போட்டால் பல்செட் இடிக்கும், கீழே விழுந்தால் தொண்டைக்குள் போய்விடும் என்று கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். ஊரில் அவருக்கு ஐந்து பலா மரங்கள். இருபது வருடத்தில் ஆலையில் ஒருவருக்கு ஒரு சுளை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கஞ்சத்தனம் எங்கள் கேன்டீனின் நிரந்தரப் பேச்சு. நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முகம் திருப்பாதவர்

ஸ்டெல்லா ஸ்டோர்ஸில் கிளார்க். கையுறை, முகமூடி, பூட்ஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. முதுநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மேஜை டிராயரில் ஒரு ஜெபமாலை, ஒரு டின் மிக்சர். அதிகாரம் என்று பார்த்தால், அவருக்குக் கீழே இருப்பது அந்த மிக்சர் டின் ஒன்றுதான்.

ஆனால் ஷட்டவுன் வந்தால் அவருடைய நீலக் கோட்டின் இரண்டு பையும் பிதுங்கும். ஒன்றில் வாட்சுகள், மோதிரங்கள். இன்னொன்றில் தாயத்துகள், கண்ணாடிகள், காசிநாதனின் டப்பா. நடந்தால் குலுங்கும். மாட்டுப்பொங்கல் மாடுகூட அவ்வளவு சத்தம் போடாது.

பல்செட் சம்பவத்துக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நடந்தது இது. ஸ்டெல்லா ஒரு தொட்டியின்மேல் நின்றுகொண்டிருந்தார். தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி சுற்றிப் பார்க்க வந்தார். பின்னால் பத்துப் பேர், அதில் கடைசி ஆள் நான்.

“யாரும்மா அது? என்ன வேலை நடக்குது?” என்று பெரியவர் கேட்டார்.

ஸ்டெல்லா திரும்பவில்லை.

“உங்களைத்தாம்மா.”

இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, ‘இருங்க’ என்பதுபோல் விரலை விரித்தார். தலை அசையவில்லை.

அடுத்த நாள் மெமோ வந்தது. உயர் அதிகாரி அழைத்தும் முகம் திருப்பாமல் அவமரியாதை செய்ததற்கு விளக்கம் வேண்டும். அவர் எழுதிய பதில் ஒரே வரி. ‘ஆமாம், திரும்பவில்லை. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.’

நிர்வாகம் யோசித்தது. தண்டிக்கவும் சங்கடம், விடவும் சங்கடம். இப்படிப்பட்ட இடங்களில் நிர்வாகங்கள் என்ன செய்யுமோ அதைச் செய்தது. அவரை என் வகுப்புக்கு அனுப்பியது.

ஆம். சக ஊழியர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று ஸ்டெல்லாவுக்கு நான் இரண்டு நாள் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒழுங்காகக் குறிப்பெடுத்தார். முடிவில் ஒவ்வொருவருக்கும் மார்க் போட வேண்டும். அவருக்குப் பத்துக்கு ஐந்து போட்டேன். குறை என்ற கட்டத்தில், ‘கண் பார்த்துப் பேசும் பழக்கம் போதாது’ என்று எழுதினேன்.

அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எனக்குத் தலைக்கனம் ஏறும் நாட்களில் எடுத்துப் பார்ப்பேன்.

காதர் பாய் சுவரில் அடித்த ஆணிகள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். பரங்கிப்பேட்டையில் காதர் பாய் என்று ஒரு தையல்காரர் இருந்தார். என் சட்டைகளை அவர்தான் தைப்பார். அவர் கடைச் சுவரில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. துபாய்க்கும் மலேசியாவுக்கும் குடும்பத்தோடு போனவர்களின் வீட்டுச் சாவிகள்.

“இத்தனை பேரு எப்படி பாய் நம்பிக் குடுக்கறாங்க?” என்று கேட்டேன். வகுப்புக்கு உதவும் என்று ஒரு பேராசை.

“குடுக்கறாங்க, வாங்கி மாட்டறேன். இதுல என்னா இருக்கு? கைய தூக்குங்க, அக்குள் அளவு எடுக்கணும்.”

பதில் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். வேறொரு நாள் சட்டை வாங்கப் போனபோது, அவர் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு, ஒவ்வொரு சாவியாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உப்புக் காத்து சார். விட்டா துரு ஏறிடும். வாரத்துக்கு ஒருவாட்டி தொடைக்கணும்.”

அதைத் துடைக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. துபாயில் இருப்பவருக்கு அது தெரியப்போவதும் இல்லை. நான் வாய் பிளந்து நின்றதில், அந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் குறைவாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் சொல்லவந்த அந்த ஷட்டவுனுக்கு முந்தின நாள் ஸ்டெல்லாவிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். அவரும் கிட்டத்தட்ட அக்குள் அளவு எடுப்பது மாதிரிதான் பதில் சொன்னார்.

“ஒண்ணும் பண்றதில்ல சார். நிக்கறேன்.”

“நிக்கறது எல்லாரும்தானே நிக்கறோம்?”

கொஞ்சம் யோசித்தார். “அன்னிக்கிக் காலையிலேர்ந்து தண்ணி கொஞ்சமாத்தான் குடிப்பேன். நடுவுல பாத்ரூமுக்குப் போவ முடியாதுல்ல” என்றார்.

என் பாடத்தில் நாற்பத்திரண்டு படங்கள் உண்டு. ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை.

மூன்றாம் நம்பர் தொட்டி

இப்போது முதல் காட்சிக்கு வருவோம்.

அந்த வருடம் ஸ்டோர்ஸில் கணக்கெடுப்பு. அதனால் மூன்றாம் நம்பர் கழிவுத் தொட்டிக்கு ஸ்டேண்ட்பையாக என் பெயரைப் போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமைதான். பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டில் என் பெயர், தலையில் மஞ்சள் ஹெல்மெட், நீட்டிய உள்ளங்கை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியுமே. டக்.

பல் இல்லாத வாயால் காசிநாதன் தெளிவாகவே சொன்னார். “ஸ்டெல்லாம்மா நின்னா எறங்கறேன். இல்லன்னா இடுப்பு புடிச்சிக்கும் போலக்குது.”

கூட இறங்க வேண்டிய இரண்டு பேர் வீரமணியும் எழிலும். இளைஞர்கள், மாமன் மச்சான் முறை. அவர்கள் இடுப்பும் அதே சமயத்தில் லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது.

பிளாண்ட் மேனேஜருக்கு நாற்பதுக்குள் வயது, எப்போதும் அவசரம். ஸ்டெல்லாவை அனுப்பினார். “ஆனா பெர்மிட்ல டிரெயினிங் சார் பேருதான். ரெஜிஸ்டர் அவருதான் எழுதணும்” என்றார். ஆக, நிற்பது ஸ்டெல்லா, எழுதுவது நான். எனக்கு ஏற்ற பிரிவினை.

காற்று சரியா என்று பார்க்கும் மீட்டரைத் தொட்டிக்குள் பாதி ஆழத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். சரியாக இருந்தது. மூன்று பேரும் இறங்கினார்கள். ஒன்பதரை மணி இருக்கும். உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் சேறு நாறியது. ஆனால் மூக்கை நம்ப முடியாது. எங்கள் தொழிற்பேட்டையில் மூக்கு சேர்ந்த முதல் வாரமே ராஜினாமா செய்துவிடும்.

ஸ்டெல்லா ஓட்டையின் விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். அதற்குப் பிறகு அவர் கண்கள் வேறெங்கும் போகவில்லை. வெயில் இரும்பைச் சுட்டது. ஒரு ஈ அவர் புருவத்தில் உட்கார்ந்து, நடந்து, மூக்குவரை போய்த் திரும்பியது. அவர் அதை விரட்டவில்லை. என் கைதான் பரபரத்தது.

அசையாமல் இருந்தாரே தவிர, பேசாமல் இருக்கவில்லை.

“வீரமணி! பொண்ணு எந்த கிளாஸ்?”

“எத்தினி தபா கேப்பீங்க அக்கா? மூணாவது, மூணாவது!” முகமூடிக்குள்ளிருந்து குரல்.

“எழிலு! வண்டி எவ்ளோ மைலேஜ் குடுக்குது?”

“அறுவது!”

“தள்ளிக்கினு போனா அறுவது” என்றது வீரமணியின் குரல். “போன வாரம் ஆலப்பாக்கத்துலேர்ந்து தள்ளிக்கினு வந்தான்க்கா.”

“மூடு மச்சான்.”

“காசி அண்ணே! எனக்கு ஒரு பலாப்பழம் தருவீங்களா?”

“கொட்டகூடத் தரமாட்டேன், போ!”

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே மூன்று கேள்விகள், அதே மூன்று பதில்கள். மறுபடியும். பத்து தடவைக்கு மேல் ஆகிவிட்டது. நான் ரெஜிஸ்டரில், ‘ஸ்டேண்ட்பை தேவையில்லாமல் உரையாடுகிறார்’ என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை.

“ஸ்டெல்லா, கொஞ்சம் அரட்டைய கொறைச்சுக்கலாமே. அவுங்க வேலையில கவனம் செதறும்ல?”

இடது கை பின்னால் நீண்டது. ஐந்து விரலும் விரிந்தன. இருங்க.

“காசி அண்ணே! பலாப்பழம் தருவீங்களா?”

பதில் உடனே வரவில்லை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.

“தரேம்மா” என்றது உள்ளிருந்து ஒரு குழைந்த குரல். “உனக்கு இல்லாததா? எல்லாத்தையும் எடுத்துக்க.”

ஸ்டெல்லா விசிலை ஊதினார்.

தரச் சம்மதித்ததன் ஆபத்து

“மேல வா! வீரமணி, எழிலு, ஏணியில ஏறு! ஏறு, ஏறு! காசி அண்ணன நான் இழுக்கறேன்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். பச்சை. “மீட்டர் சரியாத்தான் இருக்கு ஸ்டெல்லா” என்றேன்.

“மீட்டர் சரியாத்தான் இருக்கு சார். காசி அண்ணன் சரியில்ல. உருளையச் சுத்துங்க.”

சுற்றினேன். அந்த ஆலையில் நான் பேசாமல் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். இளைஞர்கள் இருவரும் ஏணியில் தொற்றி வெளியே வந்து, அவர்களும் கைப்பிடியைப் பிடித்தார்கள். கீழே காசிநாதன், “இருப்பா, இந்த மூலைய முடிச்சிடறேன், என்னா அவசரம்” என்று சிரித்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருடத்தில் அவர் வேலை நேரத்தில் சிரித்து நான் கேட்டதில்லை. கயிறு இறுகியது. அவர் கால்கள் சேற்றிலிருந்து விடுபட்டன. தலை ஓட்டைக்கு வந்தபோது கண்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

நிழலில் படுக்கவைத்து முகமூடியைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தினோம். முதலுதவி அறையிலிருந்து ஆக்சிஜன் வந்தது. காசிநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டிரெயினிங் சார், உங்களுக்கும் ஒரு பழம்” என்றார். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு பயமுறுத்திய அன்பளிப்பு வேறில்லை.

கால் மணி நேரம் இருக்கும். ஸ்டெல்லா அவர் முகத்தருகே குனிந்தார்.

“அண்ணே, பலாப்பழம் தரேன்னு சொன்னீங்களே?”

காசிநாதன் கண்ணைச் சுருக்கினார். “யாரு? நானா? ஒனக்கா?”

“சரியாயிட்டாரு” என்றார் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டு பைகளும் கலகலவென்று ஆடின.

காரணம் என்ற கட்டம்

மேனேஜர் வந்தார். தொட்டி மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு.

“மீட்டர் நார்மல். ஆளும் எழுந்து உக்காந்துட்டாரு. வெயில்ல மயக்கமா இருக்கும். யாரு வேலைய நிறுத்துனது?”

ஸ்டெல்லாவின் ஃபைலில் ஏற்கனவே ஒரு மெமோ இருக்கிறது. இரண்டாவது விழுந்தால், அதற்குப் பிறகு அவரை எந்தத் தொட்டியின் மேலும் நிற்க விடமாட்டார்கள். எனக்குத் தெரியும். வீரமணிக்குத் தெரியும். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த காசிநாதனுக்கும் தெரியும். ஸ்டெல்லா வாயைத் திறந்தார்.

ரெஜிஸ்டர் என் மடியில் இருந்தது. ‘வேலையை நிறுத்தியவர்’ என்று ஒரு கட்டம், ‘காரணம்’ என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். மெமோவுக்குப் பயந்துகொண்டேதான் எழுதினேன். ஸ்டெல்லா செய்தது சரியா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. மீட்டர் என்னைப் பார்த்துப் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அரை மணி முன்னால் அதே பக்கத்தில் ‘தேவையில்லாமல் உரையாடுகிறார்’ என்று நான் எழுதிய வரி இருந்தது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

“நீங்களா சார்?” என்றார் மேனேஜர். “காரணம்?”

எழுதியதை உரக்கப் படித்தேன். “காசிநாதன் பலாப்பழம் தருவதாகச் சொன்னார்.”

மேனேஜர் என்னையே பார்த்தார். ‘டிரெயினிங் சாரையும் ஆக்சிஜனில் போடுங்கள்’ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“சார்,” என்றார் ஸ்டெல்லா, “மீட்டர அடி வரைக்கும் எறக்கிப் பாத்துடுங்க. ஒரு நிமிஷம்தான்.”

எழில் கயிற்றைத் தளர்த்தினான். மீட்டர் இருட்டுக்குள் இறங்கியது. நாங்கள் எல்லோரும் ஓட்டையைச் சுற்றிக் குனிந்தோம். மேனேஜரும் குனிந்தார். சேற்றுக்கு ஒரு முழம் மேலே போனபோது அது கூவ ஆரம்பித்தது. விடாமல் கூவியது. கிளறிய சேற்றில் அடைந்து கிடந்த வாயு கிளம்பி, மேலே ஏறாமல் அடியிலேயே தங்கியிருக்கிறது. மூலையில் குனிந்து வாரிக்கொண்டிருந்த காசிநாதனின் தலைக்குத்தான் அது முதலில் ஏறியிருக்கிறது; அந்த முகமூடி தூசியைத்தான் தடுக்கும்.

மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நல்ல மனிதர், அவசரம் மட்டும்தான் வியாதி. அந்த வாரத்திலிருந்து இறங்குகிற ஆளுக்கொரு மீட்டர் சட்டையில் மாட்டினார்கள். என்னிடம் வந்து, “சூப்பர் சார். உங்க டிரெயினிங்தான்” என்று கை குலுக்கினார். திரையில் வரும் அந்த இரண்டு கைகள் மாதிரியே இருந்திருக்கும்.

அவர் போனதும், என் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். ‘கண்டுபிடித்தவர் ஸ்டெல்லா. நான் உருளையைச் சுற்றினேன்.’ ‘தேவையில்லாமல்’ என்ற வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வீரமணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான். போய் எழிலிடம் ஏதோ சொன்னான்.

ஸ்டெல்லா மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளங்கை

மூன்று நாள் கழித்து, காற்றோட்டம் எல்லாம் சரி செய்தபிறகு அதே தொட்டி. டாக்டர் சரி என்று சொன்ன பிறகும், காசிநாதனை வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். “பாதியில வுட்ட மூல என்னுது” என்று வந்துவிட்டார். அன்றைக்கு ஐந்தாம் நம்பர் தொட்டியும் திறந்திருந்தது. ஸ்டெல்லா அங்கே. மூன்றுக்கு மறுபடியும் நான்.

காலையிலிருந்து தண்ணீர் கொஞ்சமாகத்தான் குடித்திருந்தேன்.

இந்த முறை கையை நீட்டவில்லை. நீட்டத் தைரியம் இல்லை. ஓட்டையருகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். வீரமணி வந்து வாட்சைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டான். எழில் வண்டிச் சாவி. பிறகு ஒரு நிழல் விழுந்தது. காசிநாதன். தூரத்தில் ஐந்தாம் தொட்டியைப் பார்த்தார். நீலக் கோட்டு அசையாமல் குனிந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்க்கும் அதே பார்வை.

“கைய நீட்டு சார்” என்றார்.

நீட்டினேன். டப்பா ஸ்டெல்லாவிடம் இருந்தது. அதனால் பல்செட் நேராக என் உள்ளங்கையில் விழுந்தது. சத்தமே வரவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நான் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் சட்டம் போட்டுச் சுவரில் இருக்கின்றன. ஒன்றையாவது நான் இப்படி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்ததில்லை.

மூவரும் இறங்கினார்கள். பல்லைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். குனிந்தேன். வெயில் முதுகில் ஏறியது. ஒரு ஈ வந்தது. எங்கிருந்தோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். ‘டிரெயினிங் சார்’ இல்லை, என் சொந்தப் பெயரை. குரல் மேனேஜருடையது போலிருந்தது. இடது கையைப் பின்னால் நீட்டி விரல்களை விரித்தேன்.

“காசி!” என்று ஓட்டைக்குள் கத்தினேன். “எனக்கு ஒரு பலாப்பழம் தருவீங்களா?”

இருட்டு ஒரு கணம் சும்மா இருந்தது. என் பையில் பல்செட் என் நெஞ்சோடு சேர்ந்து அடித்துக்கொண்டது.

“ஒனக்கா? சொளையத் தொட்ட கையக்கூட மோந்து பாக்கக் குடுக்கமாட்டேன், போ சார்!”

கண்ணை எடுக்காமலே ரெஜிஸ்டரைத் தடவி எழுதினேன். கோணல் மாணலாகத்தான் விழுந்திருக்கிறது, ஆனால் இன்றும் படிக்க முடிகிறது. ‘கேட்டேன். தரமாட்டேன் என்றார். நலம்.’